விளையாட்டுப் பலகையும் போதனையும்: உருவம் பற்றிச் சில குறிப்புகள்

உருவமா, உள்ளடக்கமா என்று நம்மிடையே நடந்த சண்டையில் இரு தரப்பாரும் கவிதையையும் நாவலையும் மட்டுமே சாட்சிக்கு அழைத்தார்கள். சாட்சிகள் இருவருமே வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள். அவர்கள் சொன்னதை எந்தத் தரப்பும் முழுக்க நம்பவில்லை. வழக்கு நிலுவையில் கிடக்கிறது. வெளியிலிருந்து ஒரு சாட்சியைக் கொண்டுவரலாமென்று எனக்குத் தோன்றுகிறது: குழந்தைகள் வீட்டிலும் பள்ளியிலும் உட்கார்ந்து ஆடும் பலகை விளையாட்டுகள். இவற்றுக்கு இலக்கிய அந்தஸ்து இல்லை. ஆகவே இவை பற்றி நமக்கு முன்முடிவுகளும் இல்லை. ஆனால் ஒரு போதனை ஓர் உருவத்துக்குள் எப்படிப் புகுத்தப்படுகிறது, எப்போது அங்கே தங்குகிறது, எப்போது உதிர்ந்துபோகிறது என்பதை இருநூறு ஆண்டுச் சரித்திரத்தோடு இங்கே பார்க்க முடிகிறது.

முதலில் ஒரு வேறுபாடு. தெருவில் ஆடும் விளையாட்டுகள் குழந்தைகளுடையவை. பீட்டர் புரூகல் 1560இல் தீட்டிய ஓவியத்தில், இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எண்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளை ஆடுகிறார்கள். பச்சைக்குதிரை, பம்பரம், வளையம் உருட்டுதல் எல்லாம் அதில் உண்டு. எவருடைய முகத்திலும் சிரிப்பு இல்லை. வேலையில் இருப்பவர்களின் முகங்கள் அவை. அயோனா, பீட்டர் ஓபி தம்பதியர் 1959லும் 1969லும் வெளியிட்ட இரண்டு புத்தகங்களில் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் விளையாட்டுகளையும் பாட்டுகளையும் தொகுத்தார்கள். இவை பெரியவர்கள் கற்பித்தவை அல்ல. பத்து வயதுப் பிள்ளை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துத் தலைமுறைகளைக் கடந்து வந்தவை.

பலகை விளையாட்டின் சங்கதி வேறு. அது பெரியவர் காசு கொடுத்து வாங்கி வருவது. மழைநாளில், கோடை விடுமுறையில், பிள்ளை வெயிலில் அலையாமல் வீட்டுக்குள் அடங்கியிருக்கட்டும் என்று வாங்குவது. கொடுத்த காசுக்கு அமைதி மட்டும் கிடைத்தால் அவருக்குப் போதவில்லை. கொஞ்சம் படிப்பினையும் வேண்டும். விற்பவனுக்கு இது தெரியும். ஆகவே ஏறக்குறைய எல்லாப் பலகைகளிலும் ஒரு பிரசங்கம் வரையப்பட்டிருக்கிறது. அந்தப் பிரசங்கங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே இந்தக் குறிப்புகளின் விஷயம்.

1

நமக்குப் பரிச்சயமானதிலிருந்து தொடங்கலாம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்பதற்காகப் பரமபத சோபான படத்தை விரித்து வைத்துத் தாயக்கட்டையோ சோழியோ உருட்டி ஆடுவது நம் வீடுகளின் பழக்கம். ஏணியில் ஏறலாம், பாம்பின் வாயில் விழுந்தால் வால்வரை இறங்கவேண்டும். உச்சியில் பரமபதம். அதற்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பாம்பு. அதன் வாயில் விழுந்தவன் விட்ட இடத்திலிருந்து, அதாவது அடியிலிருந்து, மறுபடி தொடங்குவான்.

வடநாட்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டத்துக்கு ஞான சௌபர் என்று பெயர். வைணவர் பலகையில் 72 கட்டங்கள். சமணர் பலகையில் பெரும்பாலும் 84. சூஃபிகள் பலகையில் 100 அல்லது 101. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குணத்தின் பெயரோ ஒரு லோகத்தின் பெயரோ இருக்கும். நம்மிடம் எஞ்சியிருக்கும் பழைய பலகைகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 72 கட்டப் பலகையில் ஒரு விசேஷம் உண்டு. வைகுண்டம் அங்கே கடைசிக் கட்டத்தில் இல்லை; 68இல் இருக்கிறது. எண் கூடுதலாக விழுந்தால் வைகுண்டத்தைத் தாண்டிப் போய்விடலாம். அப்புறம் 72ஆம் கட்டம் வரை ஊர்ந்து, அங்கேயுள்ள தமோகுணப் பாம்பின் வழியாக மறுபடி பூமிக்கு வரவேண்டும். மேலே போவது என்பதும் சேர்வது என்பதும் ஒன்றல்ல என்று சொல்லும் இந்த அமைப்பைவிடச் சுருக்கமாக ஒரு தத்துவ நூல் அதைச் சொல்லியிருக்குமா என்பது சந்தேகம்.

இங்கே கவனிக்கவேண்டியது, இந்த ஆட்டத்தில் ஆடுபவன் செய்வதற்கு எதுவுமே இல்லை. காயை எங்கே நகர்த்துவது என்ற தேர்வு கிடையாது. சொக்கட்டானில் இருப்பதுபோல் எந்தக் காயை எடுப்பது என்ற யோசனைகூட இல்லை. உருட்டுகிறோம், விழுந்தபடி போகிறோம். பக்தி என்ற கட்டத்தில் வந்து நிற்பவன் பக்தன் அல்லன். அவனுக்கு நான்கு விழுந்தது, அவ்வளவே. ரோஜே கையுவா என்ற பிரெஞ்சுக்காரர் 1958இல் விளையாட்டுகளை நான்காக வகைப்படுத்தியபோது போட்டியையும் தற்செயலையும் எதிரெதிர்த் துருவங்களாக வைத்தார். அந்தக் கணக்கில் பரமபதம் கலப்பில்லாத தற்செயல்.

அப்படியானால் நற்குணம் உயர்த்தும், துர்க்குணம் தாழ்த்தும் என்ற போதனைக்கும் இந்த உருவத்துக்கும் என்ன பொருத்தம்? மேலோட்டமாகப் பார்த்தால் பொருத்தமில்லை. ஆனால் இந்தப் பலகையை ஆடியவர்களின் உலகத்தில் பகடை என்பது வெறும் தற்செயல் அல்ல. விழும் எண் முன்வினை. இந்தப் பிறவியில் நீ கண்ணால் காணாத ஒரு கணக்கின் பாக்கி அது. இன்னொரு பதிலும் உண்டு. தென்கலையார் சொல்லும் பூனைக்குட்டி நியாயத்தில், தாய்ப்பூனை வாயில் கவ்விக்கொண்டு போகிறது; குட்டி செய்வது ஒன்றுமில்லை. குரங்குக்குட்டிபோல் இறுகப் பிடித்துக்கொள்ளும் முயற்சிகூட அதற்கு வேண்டாம். பரமபத படத்தைத் தென்கலையார்தான் வரைந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வினை என்று எடுத்துக்கொண்டாலும் அருள் என்று எடுத்துக்கொண்டாலும், ஆடுபவன் கையில் ஒன்றுமில்லை என்ற உருவமும் உன் கையில் ஒன்றுமில்லை என்ற உள்ளடக்கமும் இங்கே ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஏகாதசி இரவில் அந்தப் பலகை இன்னமும் விரிக்கப்படுவதற்கு இந்தப் பொருத்தம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2

இந்தியாவிலிருந்து திரும்பியவர்களோடு இந்தப் பலகை இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 1892 வாக்கில் லண்டனில் விற்பனைக்கு வந்துவிட்டது. தொடக்கத்தில் அவர்களும் கட்டங்களுக்குப் பெயர் வைத்தார்கள். சிக்கனம், உழைப்பு, மனம் வருந்துதல் ஆகிய ஏணிகள் நிறைவுக்கும் வெற்றிக்கும் அருளுக்கும் ஏற்றின. சுகபோகமும் சோம்பலும் கீழ்ப்படியாமையும் பாம்புகளாகி நோய்க்கும் வறுமைக்கும் அவமானத்துக்கும் இறக்கின. விக்டோரியா ராணி காலத்து மத்தியதர வீட்டுக்கு இதைவிட உகந்த சரக்கு இருக்க முடியாது.

ஆனால் அந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை. சில பத்தாண்டுகளில் கட்டங்களில் எண்கள் மட்டும் மிஞ்சின. ஏணிகளும் பாம்புகளும் எண்ணிக்கையில் சரிக்கட்டப்பட்டன. இலக்கு நூறாவது கட்டத்துக்கு, ஓட்டப்பந்தயத்தின் கடைசிக் கோட்டுக்கு, மாற்றப்பட்டது. தாண்டிப் போகக்கூடிய வைகுண்டம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி கம்பெனி இதை வெளியிட்டபோது பாம்பும் போயிற்று. அதன் இடத்தில் விளையாட்டு மைதானத்துச் சறுக்குமரம் வந்தது.

போதனை உதிர்ந்ததற்கு மதநம்பிக்கை குறைந்துபோனது காரணம் என்று சமூகவியல்காரர்கள் சொல்லக்கூடும். எனக்குத் தோன்றும் காரணம் எளிமையானது. உழைத்தவன் உயர்வான் என்பது பிரசங்கம். உழைப்பு என்ற ஏணிக்கு வந்து சேர்ந்தவனோ உழைக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். பகடைக்குப் பின்னால் முன்வினையோ அருளோ இல்லாத ஒரு வீட்டில் பகடை வெறும் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைக் கொண்டு சிக்கனத்தைப் போதிக்க முடியாது. உருவம் உள்ளடக்கத்தைப் பொய்யென்று சொல்லிக்கொண்டே இருந்தது; பிள்ளைகள் உருவத்தைத்தான் கேட்டார்கள்.

அதற்குப் பிறகும் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வெறுமையாகிவிட்ட அந்தக் கட்டங்களில் பல்துலக்கு, கைகழுவு, தடுப்பூசி போட்டுக்கொள் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று கண்டுகொண்டார்கள். பள்ளிச் சுவர்களில் இன்றைக்கும் அவ்விதப் பலகைகளைப் பார்க்கலாம். மாறாக, அந்த உருவத்தையே கேள்வி கேட்டவர் ஒரு நாவலாசிரியர். 1981இல் வந்த 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' நாவலில் சல்மான் ருஷ்டி ஒரு அத்தியாயத்துக்கே பாம்பும் ஏணியும் என்று பெயர் வைத்தார். அதில் சாகக்கிடக்கும் குழந்தையைப் பிழைக்கவைப்பது நாகத்தின் விஷம். பாம்பு ஏற்றியும் விடலாம் என்ற சாத்தியத்துக்கு அந்தப் பலகையில் இடமில்லை என்பதை ஆடிப் பார்த்த ஒருவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

3

பகடைக்கும் பிரசங்கத்துக்கும் உள்ள விரோதம் மேற்கே முன்பே உணரப்பட்டிருந்தது. 1843இல் அமெரிக்காவின் சேலம் நகரத்தில் வெளியான 'ஆனந்த மாளிகை' என்ற ஆட்டத்தில் பகடையே இல்லை. பகடை சூதாடியின் கருவி. அதனால் பக்கங்களில் எண் எழுதிய ஒரு சின்னப் பம்பரத்தைச் சுழற்றினார்கள். பாவத்தின் கருவியை அகற்றிவிட்டு அதன் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1860இல் மில்டன் பிராட்லி வெளியிட்ட 'வாழ்க்கை' ஆட்டத்திலும் பம்பரம்தான். ஆனால் பிராட்லிக்குச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. சுழன்று விழுந்த எண்ணைக் கொண்டு எந்தத் திசையில் நகர்வது என்று ஆடுபவனே தீர்மானிக்கலாம் என்று விதி செய்தார். தேர்வு வந்தவுடன் ஒழுக்கம் பற்றிய பேச்சுக்குக் கொஞ்சம் நியாயம் வந்துவிடுகிறது.

இதே பிராட்லி பின்னாளில் கிண்டர்கார்டன் சாதனங்களைத் தயாரிப்பதில் தீவிரமாக இறங்கினார் என்பது தற்செயலாக இருக்க முடியாது. ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் 1840இல் தமது பள்ளிக்குக் கிண்டர்கார்டன், குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டினார். அவர் பிள்ளைகள் கையில் கொடுத்த 'கொடை'களில் எழுத்து இல்லை, நீதிவாக்கியம் இல்லை. முதலில் வண்ண நூற்பந்துகள். அடுத்து மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம். அதற்கடுத்து எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். பிரித்துச் சேர்ப்பதுதான் பாடம். பிரஷ்ய அரசாங்கம் 1851இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. 1860இல் தடை நீங்கியபோது ஃப்ரோபெல் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் தாயார் 1876இல் ஃபிலடெல்ஃபியா பொருட்காட்சியில் இந்தக் கட்டைகளைப் பார்த்து மகனுக்கு வாங்கிக்கொடுத்தார். அந்த மரக்கட்டைகள் தமது விரல்களை விட்டுப் போகவே இல்லை என்ற பொருளில் ரைட் வயதான காலத்தில் எழுதினார். ஃப்ரோபெலிடம் அண்டத்தின் ஒருமை பற்றிய ஆன்மிகம் நிறைய இருந்தது. அதைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்களா என்று தெரியாது, கட்டைகளை எடுத்துக்கொண்டார்கள்.

4

இனி என் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஆட்டத்துக்கு வருகிறேன்.

எலிசபெத் மேகி 1866இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். தந்தை பத்திரிகைக்காரர், அடிமை ஒழிப்பை ஆதரித்தவர். ஹென்றி ஜார்ஜ் என்பவர் 1879இல் வெளியிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற புத்தகத்தை மகளிடம் கொடுத்தவர் அவர்தான். ஜார்ஜின் வாதம் இது. ஒரு மனையின் விலை ஏறுவதற்கு அதன் சொந்தக்காரன் செய்தது ஒன்றுமில்லை. பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, ஜனங்கள் குடியேறுகிறார்கள், விலை ஏறுகிறது. ஊர் கொடுத்த மதிப்பை ஊர் வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும்; உழைப்பின்மேல் உள்ள மற்ற வரிகளை எல்லாம் விட்டுவிடட்டும். டால்ஸ்டாய்க்கு இதில் பெரும் நம்பிக்கை இருந்தது. 'புத்துயிர்ப்பு' படித்தவர்களுக்கு நெஹ்லூதவ் குடியானவர்களைக் கூட்டிவைத்து ஹென்றி ஜார்ஜின் திட்டத்தை விளக்கும் இடம் நினைவிருக்கும். குடியானவர்கள் அவனைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். நாவலின் நல்ல பக்கங்களில் அதுவும் ஒன்று. திட்டத்துக்காக அல்ல, சந்தேகத்துக்காக.

மேகி வாஷிங்டனில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தார். உரியவர்களிடம் சேராத கடிதங்களைப் பிரித்துத் தீர்வு காணும் தபால் பிரிவில் வேலை. மெல்வில்லின் பார்ட்டில்பி என்ற குமாஸ்தா முன்பு வேலை செய்ததாகக் கதை முடிவில் சொல்லப்படும் அதே பிரிவு. அங்கே வேலை செய்துகொண்டு, மாலை வேளைகளில், ஹென்றி ஜார்ஜின் வாதத்தை ஒரு பலகையில் வரைந்தார். 1903இல் விண்ணப்பித்து 1904 ஜனவரி 5ஆம் தேதி காப்புரிமை பெற்றார். 'நிலச்சுவான்தார் ஆட்டம்' என்று பெயர். சதுரப் பலகை, விளிம்பைச் சுற்றி வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ நிலங்கள், ரயில்வேக்கள், ஒரு மூலையில் சிறை, ஒரு மூலையில் பொதுப் பூங்கா. ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் பூமித்தாயின்மேல் உழைத்ததற்குக் கூலியாக 100 டாலர்.

பிள்ளைகள் இந்த அநியாயத்தைப் பலகையில் ஒருமுறை தெளிவாகக் கண்டுவிட்டால் வளர்ந்தபின் அதைச் சரிசெய்வார்கள் என்று அவர் நம்பினார். அதற்கான உருவமும் அவரிடம் இருந்தது. ஆட்டத்துக்கு இரண்டு விதிமுறைகள். ஒன்றில், நிலத்தைச் சேர்த்தவன் வாடகை வசூலித்து மற்றவர்களை ஒட்டாண்டியாக்குவான். இன்னொன்றில், நிலவாடகை பொதுக் கஜானாவுக்குப் போகும். எல்லாரையும்விடக் குறைவாக வைத்திருப்பவனுடைய முதல் இரட்டிப்பானதும் ஆட்டம் முடியும், எல்லாருக்கும் ஜெயம். ஒரே பலகை, ஒரே காய்கள், ஒரே பகடை. விதி மாறினால் உலகம் மாறுகிறது என்பதை உடம்பால் உணரவைப்பதுதான் நோக்கம். எந்த ஒரு விதிமுறையிலும் இல்லாத போதனை, இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தில் இருந்தது. பிரசங்கத்தைக் கட்டங்களில் எழுதாமல் அமைப்பிலேயே வைத்தவர் என்ற அளவில் மேகி விக்டோரியக் கடைக்காரர்களைவிட எவ்வளவோ பெரிய கலைஞர்.

என்ன நடந்தது? ஆட்டம் கைப்பிரதிகளாகப் பரவியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த ஸ்காட் நியரிங் அதை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். மாணவர்கள் துணியிலும் அட்டையிலும் வரைந்து ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். அட்லாண்டிக் சிட்டியில் குவேக்கர் சமயத்தார் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயரை இட்டு ஆடினார்கள். போகிற வழியில் ஒரு விதிமுறை மட்டும் கூடவே போயிற்று. மற்றது நழுவி விழுந்தது. விழுந்தது எது என்று சொல்லவேண்டியதில்லை.

1930களின் பஞ்சகாலத்தில் வேலையிழந்திருந்த சார்லஸ் டாரோ ஒரு நண்பர் வீட்டில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, தன் கண்டுபிடிப்பாக விற்கத் தொடங்கினார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அதை 'மோனோபொலி' என்ற பெயரில் அவரிடமிருந்து வாங்கியது. அட்லாண்டிக் சிட்டிப் பலகையில் ஒரு தெருப்பெயரின் எழுத்துப்பிழைகூட அப்படியே அச்சில் ஏறியது. பிரதி செய்தவன் செய்த பிழைதான் சுவடியின் வம்சத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது உ.வே. சாமிநாதையர் வழிவந்த நமக்குத் தெரியாததல்ல. அதே ஆண்டு கம்பெனி மேகியின் காப்புரிமையையும் வாங்கிக்கொண்டது. விலை 500 டாலர். விற்பனையில் பங்கு கிடையாது. அவர் 1936இல் வாஷிங்டன் பத்திரிகைக்காரர்களை அழைத்துப் பழைய பலகையைக் காட்டினார். 1939இல் கம்பெனி அவருடைய ஆட்டத்தையும் ஒரு முறை வெளியிட்டது, எடுபடவில்லை. 1948இல் இறந்தார். டாரோ கோடீஸ்வரரானார், வேலையிழந்த மனிதன் அடுப்பங்கரை மேஜையில் கண்டுபிடித்த ஆட்டம் என்ற கதை பல்லாண்டுகள் சொல்லப்பட்டது.

உண்மை வெளிவந்தது ஒரு வழக்கில். ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1973இல் ஏகபோகங்களை உடைக்கும் ஓர் எதிர் ஆட்டத்தை வெளியிட்டார். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1977இல் கோர்ட் உத்தரவின்பேரில் ஏறத்தாழ 40,000 பெட்டிகள் மின்னசோட்டாவில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. அன்ஸ்பாக் தமது வாதத்துக்காகப் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்போய் மேகியைக் கண்டெடுத்தார். 1983இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவருக்குச் சாதகமான தீர்ப்பில் தலையிட மறுத்தது.

5

இதே பார்க்கர் கம்பெனியின் தோற்றுவாயும் சொல்லத் தகுந்தது. ஜார்ஜ் பார்க்கர் 1883இல், தமது 16ஆம் வயதில், கையிலிருந்த 40 டாலரைப் போட்டு 500 பிரதி அச்சிட்டு விற்ற முதல் ஆட்டத்தின் பெயர் 'பேங்கிங்'. வங்கியில் கடன் வாங்கு, பத்து சதவிகித வட்டியோடு திருப்பிக் கட்டு, மீதியை வைத்துக்கொள். நீதிபோதனை எதுவும் இல்லை. விளையாட்டு விளையாட்டாக இருந்தால் போதும் என்பது பார்க்கரின் கட்சி. நம்மவர்களில் 'கலை கலைக்காக' என்று சொன்னவர்கள் இவரைத் தங்கள் பக்கம் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆட்டத்திலும் ஒரு போதனை இருந்தது என்பதை மறக்கக்கூடாது. கடன் வாங்கிப் பணம் பண்ணலாம் என்பதும் ஒரு போதனைதான். கட்டங்களில் எழுதப்படாததால் அது போதனையாகத் தெரியவில்லை.

மோனோபொலியின் வாரிசுகள் நம் ஊரில் 'பிஸினஸ்' என்றும் 'டிரேட்' என்றும் பம்பாய், கல்கத்தா, மதராஸ் பெயர்களோடு விற்கப்பட்டன. கோடை விடுமுறையில் என் அக்கா பிள்ளைகள் அதை விரிக்கும்போது என் உத்தியோகத்தை முன்னிட்டு என்னையே பேங்க் ஆக்கிவிடுவார்கள். சென்ற வருஷம் ஒருநாள் மத்தியானம் ஐந்நூறு ரூபாய் நோட்டெல்லாம் மூத்தவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சின்னவன், "மாமா, நோட்டு தீந்துபோச்சு. நீங்க ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, அதுவே போதும்" என்றான். அவன் விதிப்புத்தகம் படித்தவனல்ல. ஆனால் பார்க்கர் பிரதர்ஸ் விதியும் அதையேதான் சொல்கிறது: வங்கி ஒருபோதும் திவாலாகாது, பணம் தீர்ந்தால் சாதாரணக் காகிதத்தில் வேண்டிய மட்டும் எழுதிக்கொள்ளலாம். சீட்டுக் கிழித்து எழுதிக்கொடுத்தேன். அவன் அதை அப்படியே அக்காளிடம் வாடகையாக நீட்டினான். நான் எழுதிய பணம் என் கண்முன்னால் ஒரே கையில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் கவுண்டரில் நான் பார்ப்பது பணத்தின் ஒரு முனை மட்டும். எங்கிருந்து வருகிறது, எங்கே போய்த் தங்குகிறது என்பதை லெட்ஜர் எனக்குக் காட்டுவதில்லை. தரையில் விரித்த அந்த அட்டையில் அது முழுதாகத் தெரிந்தது. மேகி இதைத்தான் விரும்பினார்.

ஆனால் பிள்ளைகள் கண்டது அதுவா? மூத்தவள் கண்டது, ஜெயிப்பது சுகம் என்பதை. மேகியின் முதல் அமைப்பில் குறிப்பிட்ட சுற்றுகள் முடிந்ததும் ஆட்டம் நிற்கும், கணக்குப் பார்க்கலாம். டாரோ விற்ற ஆட்டத்தில் ஒருவன் தவிர மற்றவர் அனைவரும் திவாலாகும்வரை ஆட்டம் ஓயாது. இந்த ஒரு விதியால் ஆட்டத்தின் உச்சம், அது கொடுக்கும் இன்பம், எல்லாம் ஏகபோகத்தின் பக்கம் சேர்ந்துவிட்டது. கண்டிக்கப்படவேண்டியதை மிகச் சுவையாகவும், விரும்பப்படவேண்டியதைச் சப்பென்றும் அமைத்துவிட்ட ஒரு படைப்பில், வாசகன் எதை எடுத்துக்கொள்வான்? மில்டனின் சாத்தானைப் பற்றிப் பிளேக் எழுப்பிய பிரச்சினை இதுவே. நம் முற்போக்கு நாவல்கள் பலவற்றில் பண்ணையார் மட்டும் உயிரோடு நடமாடுவதும், நல்லவர்கள் அட்டையாக நிற்பதும் இதன் உள்ளூர்ப் பிரதி.

பாண்டி ஆடுகிற பாட்டிமார்களை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. பல்லாங்குழியில் தோற்றவளிடம் காய் குறையக் குறைய அவளுடைய குழிகள் ஒவ்வொன்றாக மூடப்படும்; குழி குறைந்தவள் அடுத்த ஆட்டத்தில் மேலும் தோற்பது எளிது. சொத்து சேர்ந்த இடத்தில் சொத்து சேரும் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் கருவி இல்லை. ஆனால் அதற்கு ஆசிரியர் இல்லை, காப்புரிமை இல்லை, போதனை இல்லை. ஆகவே உதிர்வதற்கும் அதில் எதுவும் இல்லை.

இவற்றிலிருந்து நான் பெறும் முடிவு, உருவமே எல்லாம் என்பதல்ல. அப்படிச் சொல்லிவிட்டால் மேகியை இரண்டாம் முறை 500 டாலருக்கு விற்றதாகும். அவருடைய கருத்து பெரியது. பலகையிலிருந்து அது நழுவியது கருத்தின் குறையால் அல்ல. தன் கருத்துக்கு உகந்த இன்பத்தை அவரால் அந்த இரண்டாம் விதிமுறையில் உண்டாக்க முடியவில்லை. எல்லாரும் ஜெயிக்கும் ஆட்டத்தில் நெஞ்சு படபடக்கும் கணம் எது என்பதற்கு அவரிடம் விடை இல்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த விடையைத் தேடவில்லை. எளிதான விதிமுறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பரமபதம் வரைந்தவனுக்கு அது வாய்த்தது. அவன் நம்பியதும் அவன் பகடை செய்ததும் ஒன்றாக இருந்தன. வைகுண்டத்தைத் தாண்டிப் போகிற பயத்தை அவன் ஆட்டத்தின் சுவையாகவே ஆக்கிவிட்டான்.

நியாயமான சமுதாயம் வேண்டும் என்று எழுதுகிற நம் நண்பர்களிடம் எனக்கு உள்ள கேள்வி இந்த அளவில்தான். உங்கள் கொள்கையை நான் மறுக்கவில்லை. உங்கள் கவிதையில், நாவலில், அந்த இரண்டாம் விதிமுறையை ஆடிப் பார்க்க வாசகனுக்கு ஆசை வருகிறதா? ஆட்டத்தை நடுவில் விட்டு எழுந்து போகாமல் அவன் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறானா? இந்தச் சிரமத்தைப் பட்டவர்கள் நம்மிடையே மிகச் சிலர். 1904இல் ஒரு தபால் இலாகா சுருக்கெழுத்தாளர் பாதி வழி வந்து நின்ற இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.